பகலில் வராத தேன்சிட்டு

மாவுமில் தெருவில் வீட்டுக்கு வீடு புது மீட்டர் மாட்டிவிட்டுப் போன மறுநாள் காலையில், பால் வாங்க வெளியே வந்தவர்கள், மின்கம்பத்திலிருந்து தங்கள் வீட்டுக்கு இறங்கும் வயரில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள், உள்ளே போய் ஃபேனை அணைத்தவர்களின் வயரிலிருந்து ஒரு சிட்டுக்குருவி எழுந்து போனது, மிக்ஸியைப் போட்டவர்களின் வயரில் ஒரு பச்சைக்கிளி வந்து உட்கார்ந்து சட்னி அரைத்து முடியும்வரை கத்திவிட்டுப் போனது, அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது.

மீட்டர் மாட்ட வந்தவர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். “இனிமே எந்த நேரத்துல எவ்வளவு கரண்டு ஓடுதுன்னு அந்தந்த நேரமே நீங்க பாத்துக்கிடலாம்மா.” போனில் பார்க்கலாம் என்ற அர்த்தத்தில் அவர் சொன்னார். போனில் யாருக்கும் அது திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறதே, போன் எதற்கு என்று தெருவும் அதை விட்டுவிட்டது.

ஃபேனுக்குச் சிட்டுக்குருவி, டிவிக்கு மைனா, மிக்ஸிக்குக் கிளி, கிரைண்டருக்குக் காக்கை. பிரிட்ஜுக்கு ஒரு வெள்ளைக் கொக்கு. அது ஒற்றைக் காலில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டு, மறுபடி வந்து அதே இடத்தில் நிற்கும். ஏசி வைத்திருந்த வீடுகளில் வயர் தொய்கிற அளவுக்குக் கனத்த நாரை. மாவு மில் மோட்டாருக்கு மயில். மில்லுக்காரர் தனுஷ்கோடி அதுவரை தலையெல்லாம் மாவோடு திரிகிற மனிதராகத்தான் இருந்தார். தோகை தொங்க மயில் வந்து தன் வயரில் உட்கார்ந்த நாளிலிருந்து தெருவில் எந்தச் சண்டைக்கும் அவரைத்தான் நியாயம் சொல்லக் கூப்பிட்டார்கள், அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பறவைகள் வந்ததில் தெருவுக்கு நன்மை இல்லாமல் இல்லை. அயர்ன் பாக்ஸை அணைக்காமல் யாராவது கோயிலுக்குக் கிளம்பினால், “ஏய், ஒங்க வீட்டு மரங்கொத்தி இன்னும் போகல” என்று எதிர்வீட்டிலிருந்து சத்தம் வரும். படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகளின் வீட்டில் மைனா வந்து இறங்கினால், தகப்பன் வேலை பார்க்கிற கடைக்கே தகவல் போய்விடும். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் கொஞ்சம் நின்று மேலே பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள்; பெண் வீட்டாரும் அன்று ஒருநாள் பக்கத்து வீட்டு பிரிட்ஜைத் தூக்கிவந்து தங்கள் பிளக்கில் மாட்டி இரட்டைக் கொக்கு நிறுத்தினார்கள். அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டும் காக்கை வராவிட்டால் உள்ளே போய்க் கிரைண்டரைப் போட்டார்கள். வந்த காக்கை சோற்றைத் தொடாது, என்றாலும் வந்ததே அதுபோதும் என்று சாப்பிட உட்கார்ந்தார்கள். கரண்டு போனால் தெருப் பறவை மொத்தமும் ஒரே வீச்சில் எழுந்து வானம் கறுக்கச் சுற்றும், இன்வெர்ட்டர் வைத்திருந்த வாத்தியார் வீட்டு வயரில் மட்டும் இரண்டு குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கரண்டு வந்ததும் அத்தனையும் அதனதன் வயரைத் தேடி இறங்கும், ஒன்றுகூட வீடு மாறி உட்கார்ந்தது கிடையாது.

செண்பகவல்லிக்கு மட்டும் பறவைகளால் ஒரு நன்மையும் இல்லை, பயம்தான் வந்தது.

பயம் அவளுக்குப் புதிது இல்லை. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருகிறவள் அவள். கேஸ் அடுப்பை அணைத்தோமா, மகள் திருப்பூரில் பஸ் ஏறினாளா, எறிந்த தீக்குச்சி அணைந்ததா என்று நினைத்து நினைத்தே நெற்றியில் கோடு விழுந்தவள். கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்கிவந்து மிட்டாய்க்குக் காகிதம் சுற்றிக் கொடுத்து ஒற்றையாளாகச் சாப்பிடுகிறவளின் வயரில் ஒரு குருவிக்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவள் பயந்தது குருவியைப் பற்றி இல்லை. தேன்சிட்டைப் பற்றி.

இறந்தவர்களின் போட்டோவுக்கு மாலை போட்டு, முன்னால் இரவும் பகலும் எரியவிடுகிற அந்தச் சின்னச் சிவப்பு பல்பு இருக்கிறதே, அதற்குத் தேன்சிட்டு வந்தது. கட்டை விரல் தண்டி இருக்கும், வெயில் பட்டால் கழுத்து ஊதா நிறத்தில் மின்னும். செத்தவர் இருக்கிற வீடெல்லாம் அதை வைத்தே தெரிந்தது. மற்றப் பறவைகள் வரும் போகும். தேன்சிட்டு வயரின் ஓரத்தில், கம்பத்தை ஒட்டி, அசையாமல் இருக்கும். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே மாமியார் போட்டோ பல்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போன் சார்ஜர் மாட்டிய மருமகள்களெல்லாம், பறவைகள் வந்த வாரத்தில் கடைக்கு ஓடினார்கள். எலக்ட்ரீசியன் சூசையின் கடையில் சிவப்பு பல்பு தட்டுப்பாடே வந்துவிட்டது.

செண்பகவல்லி வீட்டுத் தேன்சிட்டு சாயங்காலம் நூற்பாலைச் சங்கு ஊதும்போது வந்து உட்காரும். விடிந்து, காலைச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பகல் முழுக்க அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

அவள் புருஷன் வெயிலுமுத்து நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட்காரர். கல்யாணமான நாளிலிருந்து செத்த நாள்வரைக்கும் ராத்திரி ஷிப்ட்தான். காலையில் தலைமுடியெல்லாம் பஞ்சோடு வருவார், பழைய சோற்றைக் கரைத்துக் குடிப்பார், துண்டை மடித்துக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு படுப்பார். ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாது, ஒரு பொட்டுச் சத்தம் ஆகாது. செண்பகவல்லி ஜன்னலைச் சாத்தி இடுக்கில் சாக்கைத் திணிப்பாள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயில் பழந்துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதன் வழியாக வழியவிடுவாள், கடுகு வெடிக்கும் என்று தாளிக்காமலே குழம்பு வைப்பாள், கதவுக் கீலுக்கு வாரம் தவறாமல் தேங்காயெண்ணெய் விடுவாள், மகளுக்குக் காதோடு காதாகத்தான் பாட்டுப் பாடித் தூங்கவைத்தாள், மகள் பேசப் பழகியபோதும் கிசுகிசுவென்றுதான் பேசினாள், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் சத்தமாகப் பேசலாம் என்பதையே தெரிந்துகொண்டது.

நெஞ்சுவலியில் அவர் போனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அவருடைய அக்காள் ஆவுடையம்மாள், தம்பி போட்டோவைச் சுவரில் மாட்டி, தன் கையாலேயே சிவப்பு பல்பைப் போட்டு, பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னாள். வீடு இன்னும் மாமனார் பேரில்தான் இருந்தது, பாகம் பிரிக்கவில்லை. “என் தம்பிக்கு வெளக்கு எரியற வரைக்கும் இது என் தம்பி வீடு. அதுவரைக்கும் செண்பகவல்லி இங்க இருக்கட்டும், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். அணைஞ்சா அன்னைக்குப் பேசிக்கிடுவோம்.” மகள் இருப்பது திருப்பூரில் ஒற்றை அறை. வேறு போக்கிடம் கிடையாது. செண்பகவல்லி சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை மில் சங்கு ஊதியது. அவள் ஜன்னலைச் சாத்தினாள், சாக்கைத் திணித்தாள், கையை எட்டிச் சிவப்பு பல்பின் சுவிட்சை அணைத்தாள். யோசித்துச் செய்யவில்லை. கண்ணுக்கு நேரே பல்பு எரிந்தால் மனிதர் எப்படித் தூங்குவார்? சாயங்காலச் சங்குக்கு எழுப்புவதுபோலப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அப்படித்தான் நடந்தது. பறவைகள் வரும்வரை அது யாருக்கும் தெரியாது.

வந்த பிறகு அவள் பகலில் பல்பை எரியவிட்டுத்தான் பார்த்தாள். முடியவில்லை. போட்டோவுக்குள் அவர் புரண்டு புரண்டு படுப்பது அவளுக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமுவது கேட்டது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், மிட்டாயை விட்டுவிட்டு வெறும் காகிதத்தைச் சுற்றி மூட்டை கட்டினாள், கம்பெனியிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனது. மத்தியானத்துக்குள் அணைத்துவிட்டாள். பிறகு ஒரு தந்திரம் செய்தாள். சூசை கடையில் அதே மாதிரி சிவப்பு பல்பு ஒன்று வாங்கிவந்து அடுக்களையில், ஊறுகாய்ப் பானைக்குப் பக்கத்தில் மாட்டி எரியவிட்டாள். வயருக்கு ஒரு பறவை வந்தது. சாம்பல் நிறத்தில், பேரில்லாத ஒரு பறவை. ஊறுகாய்க்கு வருகிற பறவைபோல இருந்தது. அதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள் என்று தெரிந்து அதையும் கழற்றினாள்.

முதலில் கேட்டது பக்கத்து வீட்டு ரஞ்சிதம்தான்.

“யக்கா, ஒங்க வீட்டு அத்தான் சிட்டு பகல்ல எங்கக்கா போகுது?”

“போகலையே.”

“போகலைன்னா, காணமே?”

“நீ ஏன் அண்ணாந்து பாக்கே? கழுத்து சுளுக்கிக்கிடும், போ.”

ரஞ்சிதம் கெட்டவள் இல்லை, வாய் நிற்காதவள், அவ்வளவுதான். நல்ல தண்ணிக் குழாயடியில் சொன்னாள், குழாயடி தெருக்கோடிக்குச் சொன்னது, தெருக்கோடியில் ஆவுடையம்மாள் வீடு இருந்தது. தம்பி பொண்டாட்டி பகல் நேரத்தில் பல்பை அணைத்து கரண்டு மிச்சம் பிடிக்கிறாள் என்று ஒரு பேச்சு; புருஷன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அணைக்கிறாள் என்று இன்னொரு பேச்சு; பகலில் யாரோ வருகிறார்கள், போட்டோவுக்கு முன்னால் கூச்சம் என்று மூன்றாவது பேச்சு. மூன்றாவதைத்தான் எல்லோரும் நம்ப விரும்பினார்கள். ஆனால் யார் வீட்டுக்குள் வந்தாலும் ஃபேன் போடாமல் இருக்க மாட்டார்கள், கூடுதலாக ஒரு குருவியாவது உட்கார வேண்டுமே, அதுவும் உட்காராததால் அந்தப் பேச்சு வருத்தத்தோடு நின்றுபோனது.

ஆவுடையம்மாள் உச்சி வெயிலில் வந்தாள், தனுஷ்கோடியை அழைத்துக்கொண்டு வந்தாள், பின்னால் பாதித் தெரு வந்தது. செண்பகவல்லி வாசலுக்கு வந்தபோது எல்லோரும் அவளைப் பார்க்காமல் மேலே வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என் தம்பி சிட்டு எங்கட்டி?”

“வரும் மதினி.”

“எப்ப வரும்?”

“சாயங்காலம்.”

“அது என்ன, வேலைக்கா போயிருக்கு?”

“வேலைக்குப் போயிட்டு வந்துதான் மதினி,” என்றாள் செண்பகவல்லி. அவளுக்கு வழக்கமான கிசுகிசுப்புத்தான் வந்தது. “தூங்குறாக. வெளிச்சம் அவுகளுக்கு ஆகாதுல்லா.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரிக்காதவள் ஆவுடையம்மாள் மட்டும்தான்.

“செத்தவனுக்கு என்னட்டி தூக்கம்?”

“செத்தவுகளுக்குத் தூக்கம் எதுக்குங்கீங்க பெரியம்மா,” என்று பின்னாலிருந்து ரஞ்சிதம் சொன்னாள், “அப்போ வெளிச்சம் மட்டும் எதுக்காம்?”

“நீ ஒன் வீட்டு மைனாவ மொதல்ல பாரு. விடிஞ்சதுலருந்து கத்திக்கிட்டுக் கெடக்கு.” ஆவுடையம்மாள் தனுஷ்கோடி பக்கம் திரும்பினாள். “எங்க வீட்டுல பாருங்க. எம் புருஷன் போயி எத்தன வருஷம்? ஒரு நிமிஷம் அணைய விட்டிருப்பேனா? ராப்பகலா சிட்டு உக்காந்திருக்கா இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

தனுஷ்கோடி தூரத்தில் தன் மயிலை ஒருதடவை பார்த்துக்கொண்டார். நியாயம் சொல்லுமுன் அவருக்கு அது பழக்கமாகியிருந்தது. “ஊரோட ஒத்துப் போகணும்மா செண்பகவல்லி,” என்றார். “எல்லா வீட்டுலயும் எரியுது. ஒன் வீட்டுலயும் எரியட்டும். வீடு ஒனக்கே இருக்கும். அணைக்கேன்னா, மதினி கேக்கதுல நியாயம் இருக்கு, வீட்ட விட்டுரு.”

“எரியட்டும்,” என்றாள் செண்பகவல்லி.

“இவ எரியட்டும்பா, நாம அங்கிட்டுப் போகவும் அணைச்சிருவா,” என்றாள் ஆவுடையம்மாள். “ஏலே சூசை, இங்க வா. அந்தச் சுவிட்ச கழத்தி எறிஞ்சிட்டு வயர நேராச் சேத்து முறுக்கிரு. ஒருத்தராலயும் அணைக்க முடியக்கூடாது.”

சூசை கழற்றினான். சுவரில் சுவிட்ச் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை விழுந்தது, பல்பு எரிந்தது, வெளியே தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது, தெருவுக்குத் திருப்தியாக இருந்தது. கலைந்து போகும்போது நல்லபடியாக முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஆவுடையம்மாளுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி வயருக்கு நேர் கீழே போட்டு, தினமும் காலையில் வந்து காவல் உட்கார்ந்தாள்.

முதல் நாள் சிட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அடுத்த நாள் இறகை உப்பிக்கொண்டு ஒரு உருண்டையாக இருந்தது. அதற்கு மறுநாள் அதன் கழுத்து மினுமினுப்பு போய், பழைய இரும்பு ஆணி நிறத்துக்கு வந்தது. பிறகு தலை ஆடத் தொடங்கியது. மெல்ல முன்னால் சரியும், அலகு நெஞ்சில் இடிக்கும், திடுக்கென்று நிமிரும், நாலாபக்கமும் பார்க்கும், நான் தூங்கவில்லை என்பதுபோல இறகை ஒருதடவை உதறும், மறுபடி சரியும். நூற்பாலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு கிடந்த ஆண்கள் இரண்டு மூன்றுபேர் டீக்கடைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் அங்கேயே நின்றார்கள்.

“டபுள் டூட்டி பாக்கான்,” என்றார் ஒருவர்.

“ஆமா. மூணு நாளாச்சு. இனி நிக்க மாட்டான்.”

“ஸ்பின்னிங்குல இப்படித்தான் ஆடுவான். நாந்தான் தோள்ல தட்டி எழுப்பி விடுவேன்.”

“பேசாமப் போங்கய்யா,” என்றாள் ஆவுடையம்மாள், நாற்காலியிலிருந்து. “குருவிக்குச் சீக்கு. வெயில் காலம்லா.” ஆனால் அவள் அன்று வெற்றிலை போட மறந்துவிட்டாள்.

உள்ளே செண்பகவல்லியும் தூங்கவில்லை. அவர் விழித்திருக்கும்போது பகலில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது, அப்படி ஒரு பகல் அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை. போட்டோ மேல் துண்டைப் போட்டு மூடிப் பார்த்தாள். துண்டுக்குள் சிவப்பாகத் தெரிந்தது. பல்பைக் கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறுவாள், வாசலில் நாற்காலி கிரீச்சிடும், இறங்கிவிடுவாள். கழற்றினால் வீடு போய்விடும், கழற்றாவிட்டால் அவர் செத்துப்போவார். செத்தவர் மறுபடி எப்படிச் சாவார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை, மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

ஒரு மத்தியானம் சிட்டு விழுந்தது. கல் விழுவதுபோல விழவில்லை. காய்ந்த பூ காம்பை விட்டு விழுவதுபோலச் சுழன்று சுழன்று விழுந்தது, ஆவுடையம்மாளின் மடியில் விழுந்தது. அவள் வீல் என்று கத்தப் போனாள், வாயைத் திறந்தாள், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். சிட்டின் வயிறு ஏறி இறங்கியது. கண்ணுக்கு மேல் இமை வெள்ளையாக மூடியிருந்தது. அலகு லேசாகத் திறந்திருந்தது, அதிலிருந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சின்னதாகக் குறட்டை வந்தது.

ஆவுடையம்மாளுக்கு அந்தக் குறட்டையைத் தெரியும். ஆத்தாள் கரிசக்காட்டு வேலைக்குப் போய்விட, இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி, மடியில் போட்டால் வாயைத் திறந்துகொண்டு இப்படித்தான் தூங்குவான்.

அவள் அசையவில்லை. கழுத்தைக்கூடத் திருப்பாமல், “ஏட்டி,” என்று கூப்பிட்டாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு சத்தம் வரும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. செண்பகவல்லி ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். “அணைச்சிருட்டி.”

“எத மதினி அணைக்க? சுவிட்ச் இல்லையே.”

“எதையாவது அணை.”

செண்பகவல்லி மெயினையே அணைத்தாள். வயரிலிருந்த ஒரே குருவியும் எழுந்து போனது. சிட்டு போகவில்லை. கரண்டு இல்லாமல் ஒரு பறவை அந்தத் தெருவில் தங்கியது அதுதான் முதல் தடவை. ஆவுடையம்மாளின் சேலை மடிப்புக்குள் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு தூங்கியது.

ரஞ்சிதம் குடை கொண்டுவந்து வெயில் படாமல் பிடித்தாள். பிடித்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் கையை ஆட்டினாள், மைனா பறந்தது. எதிர்வீட்டுக் கிளி பாதிச் சட்னியில் நின்றது. தனுஷ்கோடி நிலைமையை வந்து பார்த்துவிட்டு மில்லுக்குப் போய் மோட்டாரை நிறுத்தினார். மயில் எழுந்து போக, ஈர அரிசியோடு வரிசையில் நின்ற பெண்கள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் ஒவ்வொரு வயராகக் காலியானது. விஷயம் இதுதான் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஒரு வாசலில் விரலை உதட்டில் வைத்தால் அடுத்த வாசலில் வைத்தார்கள், அப்படியே தெருக்கோடி வரைக்கும் போனது.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய வெங்காய வண்டி, “அஞ்சு கிலோ, அஞ்சு கிலோ” என்று அலறிக்கொண்டு முனையில் திரும்பியது. பத்துப் பதினைந்து பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதை நோக்கி ஓடினார்கள். வண்டிக்காரர் வியாபாரம் என்று நினைத்து முகம் மலர்ந்தார். ஒருத்தி எட்டி ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கினாள்.

“யாரும்மா செத்தது?” என்று அவர் பதறிக் கேட்டார்.

“யாரும் சாகல. மெதுவாப் பேசுங்க. தூங்குறாரு.”

“யாரு?”

“செத்தவரு.”

அவர் பல தெரு பார்த்த மனிதர். செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே, வீடு வீடாக நின்று, “வெங்காயம் வேணுமா” என்று காதோடு காதாகக் கேட்டார். அன்று அவருக்கு நல்ல விற்பனை.

ஆவுடையம்மாளுக்குக் கால் மரத்துப்போனது, இடுப்பு வலித்தது, மூக்கில் ஈ உட்கார்ந்து எழுந்தது. செண்பகவல்லி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பனைமட்டை விசிறியால் சத்தமில்லாமல் விசிறினாள். எந்த வேகத்தில் விசிறினால் காற்று வரும், மட்டை சடசடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆவுடையம்மாள் கடைக்கண்ணால் அந்தக் கையையே பார்த்தாள்.

“இத்தன வருஷமும் இப்படியா விசிறுன?”

“கரண்டு போனா மட்டும் மதினி.”

“நீ எப்பத் தூங்குவ?”

செண்பகவல்லி யோசித்தாள். “அவுக வேலைக்குப் போனப்புறம். கதவப் பூட்டுனமான்னு பாத்துட்டு.”

ஆவுடையம்மாள் குடையைச் செண்பகவல்லி பக்கமும் சாய்க்கும்படி ரஞ்சிதத்துக்குக் கண்ணைக் காட்டினாள்.

சாயங்காலச் சங்கு ஊதியது. சிட்டு ஒரு கண்ணைத் திறந்தது, பிறகு மறு கண்ணை. ஒரு சிறகை நீட்டிச் சோம்பல் முறித்தது, இன்னொன்றை நீட்டியது. அக்காள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அவள் ஏதோ சொல்லக் குனிந்தபோது, அவள் மடியிலேயே எச்சம் போட்டுவிட்டு எழுந்து பறந்தது. செண்பகவல்லி உள்ளே ஓடி மெயினைப் போட்டாள். சிட்டு வயர் ஓரத்தில் போய் அமர்ந்தது, அதன் கழுத்து பழையபடி ஊதாவாக மின்னியது. ஓய்வுபெற்ற மில் ஆட்கள், “டூட்டிக்கு ஏறிட்டான்” என்றார்கள். தெரு முழுக்க மைனாவும் கிளியும் காக்கையும் ஒரே இரைச்சலாக வந்து இறங்கின.

ஆவுடையம்மாள் முந்தானையால் மடியைத் துடைத்தாள். எழுந்து நிற்க முயன்று, முடியாமல், ரஞ்சிதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனுஷ்கோடி நியாயம் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமோ என்று துண்டைச் சரிசெய்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

“ஏலே சூசை. சுவிட்ச மாட்டிரு.”

“அதே எடத்துலயா பெரியம்மா?”

“கீழ எறக்கி மாட்டு. அவ குட்டை.”

அதற்குள் சில வீடுகளில் யோசனை தொடங்கிவிட்டது. வாத்தியார் தன் தகப்பனார் பல்பை விடியற்காலை நான்கு மணிக்கு எரியவிடுவதா, அவர் எழுந்து படிக்கிற நேரமாயிற்றே என்று மனைவியைக் கேட்டார். டீ மாஸ்டர் வீட்டில் மத்தியானம் அணைத்தார்கள். யார் யார் எப்போது தூங்கினார்கள் என்று செத்தவர்களைப் பற்றி உயிரோடிருப்பவர்கள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். மகன் ஒன்று சொன்னான், மகள் ஒன்று சொன்னாள், மருமகள் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருந்தது. சூசை கடையில் இப்போது சுவிட்சுக்குத் தட்டுப்பாடு.

மறுநாள் காலையில் செண்பகவல்லி கையை உயர்த்தாமலே, இடுப்பு உயரத்தில் இருந்த புதுச் சுவிட்சை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று சந்தேகப்பட்டு வெளியே வந்து வயரைப் பார்த்தபோது, நாற்காலி போடாமல், தெருவோரமாக ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

“வாங்க மதினி. உள்ள வாங்க.”

“இருக்கட்டும்.” அவள் பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள். “ஏட்டி. ஒண்ணு கேக்கேன். எங்க வீட்டு அவுக எப்பத் தூங்குவாக? நானும் ராத்திரியிலருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கேன், ஞாபகம் வரமாட்டேங்கு. நீ கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டுலதான இருந்த. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

செண்பகவல்லி அந்த வீட்டையும் அந்த மனிதரையும் நினைத்துப் பார்த்தாள். நன்றாக நினைத்துப் பார்த்த பிறகு, உள்ளே தூங்குகிறவருக்குக் கேட்காதபடி, கிசுகிசுவென்று சொன்னாள்:

“அவுக தூங்கி நான் பாத்ததில்ல மதினி. நீங்கதான் பேசிக்கிட்டே இருப்பீகளே.”